பிளானில் இல்லாத அறை

ஜஸ்டஸ் பிளான் போட்டுக் கொடுத்த முதல் வீட்டில், பிளானில் இல்லாத ஓர் அறை தானாக எழுந்து நின்றது. ரப்பர் விலை ஏறியிருந்த வருடம் அது. ஓவர்சியர் வேலையை உதறிவிட்டு, பனச்சமூடு சந்தியில் மருந்துக்கடை மாடியில், 'என்ஜினியரிங் கன்சல்டன்ட்' என்று அவர் போர்டு மாட்டியிருந்தார். திரும்பிப் போக வேலை இல்லை. தொழில் படுத்தால் குடும்பமும் படுத்துவிடும்.

முதலில் படியேறி வந்தவள் ஆரியங்கோட்டு நேசம். நிலச்சட்டம் வந்தபோது, குடிசை நின்ற பத்து சென்ட் அவள் குடும்பத்துக்குச் சொந்தமானது. புருஷன் மணியன் துபாயில் கொத்தவேலை செய்து, பெரிய வீடாகக் கட்டச் சொல்லியிருந்தான். பின்பக்கம் பலாமரத்தடியில் மாமியாரைப் புதைத்திருந்தார்கள். தங்கள் வீட்டில் இறந்தவர்களைத் தங்கள் மண்ணிலேயே வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

"சாரே, அது அம்மை கெடக்குத எடமாக்கும். அதை விட்டுட்டு வரையணும்," என்றாள் நேசம்.

"பத்து சென்டுல செத்தவியளுக்கும் பங்கு வச்சா, இருக்கவிய எங்க கெடக்க?" என்று சிரித்தார் ஜஸ்டஸ். குழியின் மேலேயே சமையலறையை வரைந்தார்.

கான்கிரீட் போட்ட மறுநாள், சமையலறையை ஒட்டி வாசலும் ஜன்னலும் இல்லாத அறை நின்றது, ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவில். ஒரு செங்கல்கூடத் தான் வைக்கவில்லை என்று கொத்தனார் வேதமாணிக்கம் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். இடித்தார்கள், காலையில் பூச்சோடு திரும்ப நின்றது. நேசம் அந்தச் சுவரோரம் விளக்கு வைத்துப் பழகிக்கொண்டாள். குழிமேல் கோடு விழுந்த மற்ற வீடுகளிலும் அறை வந்தது. அறையை எண்ணத் தெரியாத என்ஜினியர் என்று சந்தையில் கேலி செய்தார்கள். மாடிப்படியில் ஆள் ஏறுவது நின்றுபோனது.

ஜஸ்டஸுக்கு வீம்பு வந்துவிட்டது. குவைத்தில் இருந்த தம்பி எலியாவுக்காக, செங்கல் என்ற ஊரில் யாரையும் புதைத்திராத பாறை நிலமாகப் பார்த்து வாங்கி வீடு கட்டினார். ஊரே வந்து பார்க்கட்டும், அப்போது வாய் அடையும் என்று நினைத்தார். பூச்சு முடிந்த அன்று உள்ளே போனால், அறை இருந்தது. டேப்பை வைத்து அளந்தார். மற்ற வீடுகளில் வந்த எல்லா அறைகளையும்விட நீளம். எலியா நல்ல வளர்த்தி. எந்தக் கட்டிலில் படுத்தாலும் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜஸ்டஸ் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தம்பி மனைவி தங்கபாயிடம் அது சாமான் போடும் அறை, வாசல் பிறகு வைக்கலாம் என்று சொல்லி வைத்தார்.

அடுத்த வாரம் தந்தி வந்தது. சாரம் சரிந்து எலியா விழுந்துவிட்டான். உடல் வராது, அங்கேயே மணலில் அடக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். தங்கபாய் அழுது ஓய்ந்து, அந்தச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"வந்துட்டாவ, அத்தான்," என்றாள். "ஒரு வாசல் மட்டும் வச்சுத் தாருங்க."

ஜஸ்டஸ் வாசல் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டார் எல்லோரும் அவரைத் தேடியே வந்தார்கள். மாடிப்படி தேய்ந்தது. எந்த வீட்டுக்கு வரைந்தாலும் பின்பக்கம் அந்த அறையையும் சேர்த்தே வரைவார். பஞ்சாயத்தில் யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை. போன ஆள் எவ்வளவு உயரம் என்று மட்டும் ஜஸ்டஸ் கேட்பார். பெண்கள் சொல்லிவிடுவார்கள்.