யாகோப்பு எடுத்த பதினேழு புள்ளி

குருநகர் கூடைப்பந்து ரீமுக்குச் செயலாளரும் செல்வரட்ணம்தான், பயிற்சியாளரும் அவன்தான், முதலில் இறங்கும் ஐந்து பேரில் ஒருத்தனும் அவன்தான். இத்தனை பொறுப்பையும் அவன் தலையில் கட்டியது யார் என்று கேட்டால், அவனே இழுத்துக் கட்டிக்கொண்டான் என்பதுதான் உண்மை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. பன்னிரண்டு வருடமாக எட்டிப்பார்க்காத அதிர்ஷ்டம் அந்த வருடம் வந்து, ரீம் இறுதிப் போட்டிக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானத்திலேயே, அரியாலைக்காரரோடு ஆட்டம். பத்துப் பெயர்தான் கொடுக்கலாம். ரீமில் இருந்ததோ பதினொரு பேர். வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குள் பட்டியல் ரவுனிலுள்ள சங்க அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

யாரை விடுவது? செல்வரட்ணம் மூன்று நாள் மினக்கெட்டு ஒரு கொப்பித் தாளில் கோடு கீறி, ஆளாளுக்கு அந்த வருடத்து மதிப்பீட்டை எழுதினான். கனிசியஸ்: இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி. பக்கத்தில் ‘சிங்கம்’ என்று ஒரு குறிப்பு வேறு. யாகோப்பு: மாற்று ஆளாக இறங்கிய பதினான்கு ஆட்டம், பதினேழு புள்ளி, முப்பத்தொன்பது பவுல். வேகம் இல்லை. பாய்ச்சல் இல்லை. வயது முப்பத்தாறு.

இந்த யாகோப்பு வேறு யாருமல்ல, செல்வரட்ணத்தின் அக்கா அற்புதராணியின் புருசன். அத்தான் என்று பார்த்து இடம் கொடுத்துவிட்டான் என்று ஊரில் ஒரு வாய் திறந்துவிடக்கூடாதே என்ற பயத்தில், மற்றவர்களுக்கு ஒரு தரம் போட்ட கணக்கை அத்தானுக்கு மூன்று தரம் போட்டுப் பார்த்தான். மூன்று தரமும் பதினேழுதான் வந்தது.

வெள்ளி காலை அத்தான் வீட்டு முற்றத்துக்குப் போனான். யாகோப்பு வலையில் சிக்கிய சாதாளைப் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அத்தான், இந்தமுறை உங்கடை பேர் போடேல்லை.”

யாகோப்பின் கை நின்றுவிட்டது. “இதோடை விடுவம் எண்டுதான் இருந்தனான், செல்வம். ஒருக்கால் பைனலிலை இறங்கிப்போட்டு விடுவம் எண்டு.” பிறகு மறுபடியும் சாதாளையைப் பிடுங்கத் தொடங்கினார். “சரி. பின்னேரம் பயிற்சிக்கு விளையாட வாறன். அங்காலைப் பக்கத்துக்கு அஞ்சாவது ஆள் வேணுமெல்லே?”

குசினிக்குள் அற்புதராணி கேட்டுக்கொண்டு நின்றாள். சட்டி மூடி படாரென்று விழுந்தது.

பின்னேரம் நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. இரண்டு தரம் தையல் போட்ட ஒரே பந்து. ஒரு பக்கம் செல்வரட்ணம், கனிசியஸ், முதல் ரீமின் மற்ற மூன்று பேர். எதிர்ப் பக்கம் வருடம் முழுக்க மைதானத்து ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்த நாலு பொடியளும் யாகோப்பும். பதினோராவது ஆள் விசில். முதலில் முப்பது புள்ளி எடுக்கிற பக்கம் வென்றது என்று பேச்சு. கால் மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு ரவுனுக்குச் சைக்கிளை மிதிக்கலாம் என்பது செல்வரட்ணத்தின் எண்ணம். அற்புதராணி வந்து மதிலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்துக்கு நாலு என்று இருக்கும்வரைக்கும் எல்லாம் அவன் நினைத்தபடிதான் நடந்தது.

அமலதாஸ் என்ற ஒல்லிப் பொடியனை மறிப்பது செல்வரட்ணத்தின் வேலை. அமலதாஸ் பந்தைத் தட்டிக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்தான். செல்வரட்ணமும் பாய்ந்தான். நெஞ்சு போய் எதிலோ மோதியது. பார்த்தால் அத்தான்! இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, காலை அகட்டி, அசையாமல் நின்றார். அவரைச் சுற்றி வருவதற்குள் பந்து கூடைக்குள்.

“எங்கையிருந்து வந்தவர் உவர்?” என்றான் செல்வரட்ணம். பதில் சொல்ல யாருக்கு நேரம்? அடுத்த தரமும் அதே நெஞ்சு, அதே அத்தான், அதே கூடை.

அங்கே கனிசியஸின் பாடு அதைவிட மோசம். எறிய ஓரடி இடம் கிடைக்கவில்லை. எறிந்து தவறிய பந்தைத் திரும்பப் பிடிக்கவும் ஆளில்லை. கூடைக்குக் கீழே யாகோப்பு தன் முதுகாலேயே இரண்டு பேரை அடைத்து வைத்திருந்தார். பந்தை அவர் தொடக்கூட இல்லை. அது பாட்டுக்கு வந்து ஒரு பொடியனின் கையில் விழுந்தது.

செல்வரட்ணத்துக்குச் சுருக்கென்றது. இந்த வருடம் இப்படி எத்தனை பந்து தன் கையில் சும்மா வந்து விழுந்தது! தன் திறமை என்றல்லவா நினைத்திருந்தான்.

“அடே, எனக்கு யாகோப்பண்ணையைத் தாங்கோ!” என்று கனிசியஸ் கத்தினான். “அவர் ஆளை மறிக்காட்டி நான் எப்பிடியடா எறியிறது?”

இருபதுக்கு இருபது. இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. தெருவில் போன சைக்கிள்கள் நின்றன. மதில் முழுக்கத் தலைகள். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்றானபோது விசிலடிக்கிறவனே விசிலை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினான்.

கடைசிப் பந்து அமலதாஸின் கையில். செல்வரட்ணத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். அத்தான் வரப்போகிறார், இடப்பக்கம்தான் வரப்போகிறார். “மறியுங்கோடா, வாறார்!” என்று அலறிக்கொண்டே ஓடினான். தெரிந்தும் மோதினான். அமலதாஸ் துள்ளி எறிந்த பந்து வளையத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

மைதானம் அதிர்ந்தது. தோற்ற கனிசியஸ்தான் முதலில் ஓடிப்போய் யாகோப்பைத் தூக்கினான். விழுந்த இடத்திலேயே கிடந்து செல்வரட்ணமும் சிரித்தான். அவனுக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. அரியாலைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது கூத்து!

“யாகோப்பண்ணை வேணும்! யாகோப்பண்ணை வேணும்!” என்று பொடியள் கத்தினார்கள்.

“ஓமடா, அவர் வாறார்,” என்று செல்வரட்ணம் எழும்பித் தாளை எடுத்தான். மணி ஐந்தேகால். அப்போதுதான் மற்ற யோசனை வந்தது. அத்தானைச் சேர்த்தால் யாரை வெட்டுவது? அமலதாஸையா? இன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்துக்கா? தாளில் மேலும் கீழுமாக விரலை ஓட்டினான்.

அற்புதராணி மதிலடியை விட்டு வந்து தாளை எட்டிப்பார்த்தாள். “எல்லாருக்கும் மதிப்பீடு போட்டிருக்கிறாய், தம்பி. உன்ரை எங்கை?”

செல்வரட்ணம் எண்ணிப்பார்த்தான். பத்து வரிதான் இருந்தது. மூன்று நாள் மினக்கெட்டு எழுதியவனுக்குத் தன் பெயருக்கு ஒரு வரி கீற வேண்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. முகம் சூடேறியது. அங்கேயே மண்ணில் குந்தி, பதினோராவது வரியைக் கீறினான். வேகம் குறைவு. பாய்ச்சல் குறைவு. பிடித்த பந்து: அத்தான் ஆளை அடைத்து நின்றபோது கையில் விழுந்தவை. இதை வேறு ஒருத்தனின் பெயருக்கு நேரே கண்டிருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ரவுனுக்குப் போகவேண்டிய பட்டியலில் தன் பெயரை வெட்டிவிட்டு ‘யாகோப்பு’ என்று எழுதினான்.

யாகோப்புக்கு முகம் மாறிவிட்டது. “என்ன வேலை மச்சான் இது? நீ எங்கை இருப்பாய்?”

“ஏன், வாங்கிலை இருந்து கத்துறன். ரீமுக்குப் பயிற்சியாளர் நான்தானே.”

பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் சைக்கிளில் ஏறினான். யாகோப்பு அவனையும், மைதானத்து ஓரத்தில் கிடந்த வாங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“செல்வம்!” என்று பின்னால் கூப்பிட்டார். “வாங்கிலை வலப்பக்கம் இருந்திடாதை, அந்தக் கால் ஆடும். இடப்பக்கம் இரு. பன்ரண்டு வருசம் இருந்தவன் சொல்லுறன்.”