ஆர்வில் டேக்கெட்டின் வலது பாக்கெட்

ஆர்வில் டேக்கெட்டுக்கு அறுபது தாண்டிய பிறகு காதல் வந்தது. வந்ததில் குற்றமில்லை. அது தெருவுக்கு அந்தப் பக்கத்துச் சபையில் வந்ததுதான் வம்பாகப் போயிற்று. டேக்கெட் வம்சம் தொன்றுதொட்டு மெத்தடிஸ்ட் சபை வம்சம். மெத்தடிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமை நாசூக்காகக் கை குலுக்குவார்கள், நாலு பாட்டுப் பாடுவார்கள், பசி வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்து பாப்டிஸ்டுகளுக்கு அதெல்லாம் போதாது. அங்கே வாசலிலேயே ஓலீட்டா கோபல் என்கிற அம்மாள் நின்றுகொண்டு, வருகிற அத்தனை பேரையும் இறுக்கிக் கட்டிப்பிடித்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டித்தான் உள்ளே விடுவார். கணவர் கார்லண்ட் இறந்து மூன்று வருடமாகியும் அந்த அம்மாளின் கட்டிப்பிடியில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை.

அந்தக் கட்டிப்பிடிக்காகத்தான் ஆர்வில் சபை மாறினார். ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் இந்தப் பக்கத்துப் பிரசங்கம் ஆழமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

மனைவியை இழந்து பத்து வருடம் தனியாகச் சமைத்துத் தின்ற மனிதர். ஓலீட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டால் மிச்ச நாள் உருப்படும், இல்லாவிட்டால் டப்பா பீன்ஸோடு முடிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். தடையாக இருந்தது ஒன்றே ஒன்று. அது அவர் இடுப்பில் இருந்தது.

மேற்கு டெக்சாஸில் ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆர்வில் மட்டும் அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவைத்திருந்தார். வேலி பார்க்கப் போகும்போது பழைய ரிவால்வர். அதில் முதலில் வெடிக்க வேண்டியது பாம்புக்கான பொடிரவை, அப்புறம் காட்டுப்பன்றிக்கான கனத்த ஈயம். கட்டில் பக்கத்தில் இருப்பதற்கு, உடம்பில் பட்டதும் விரிந்து அங்கேயே நின்றுவிடுகிற குழிமுனைத் தோட்டா மட்டும்தான், ஏனென்றால் இந்தக் காலத்து வீட்டுச் சுவர் வெறும் அட்டை, உருண்டைமுனை போட்டால் திருடனைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். குளிர்காலம் வந்தால் அதிலும் வேறு ரகம். கம்பளிக் கோட்டுத் துணி அந்தக் குழிக்குள் அடைத்துக்கொண்டால் முனை விரியாதாம். இதையெல்லாம் துப்பாக்கிக் கடை க்ளோவிஸோடு மணிக்கணக்கில் பேசுவார். இரண்டு பேருமே இதுவரை எந்தத் திருடனையும் நேரில் பார்த்ததில்லை.

இந்த க்ளோவிஸ்தான் கெடுத்தான். கார்லண்ட் இறந்த மாதமே ஓலீட்டா வீட்டிலிருந்த எட்டுத் துப்பாக்கியையும் கொண்டுவந்து ஒரே நாளில் தன் கடையில் விற்றுவிட்டதாகவும், அந்த அம்மாளுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது என்றும் சொல்லிவைத்தான். ஆர்வில் அதை அப்படியே நம்பினார். துப்பாக்கிக்காரன் சொன்னால் துப்பாக்கி விஷயத்தில் சரியாகத்தானே இருக்கும்.

ஆகவே முதல் ஞாயிறு வாசலில் ஓலீட்டா அவரைக் கட்டிப்பிடித்தபோது, கை இடுப்பு எலும்புக்கு மேல் வந்து ஒரு நொடி நின்றது. காதருகில் மெதுவாகக் கேட்டார்:

"பிரதர் டேக்கெட், இடுப்புல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

பிரதர் என்றதே ஆர்விலுக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்தது. மீதி உயிரோடு பொய் சொன்னார்.

"ஐயோ, அந்தப் பழக்கமெல்லாம் எனக்கு இல்லீங்க."

ஓலீட்டா அவர் முகத்தைப் பார்த்தார், முதுகில் தட்டினார், உள்ளே அனுப்பினார். அவ்வளவுதான். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது இல்லாமல் வெளியே போனால் பேண்ட் போடாமல் போவது மாதிரி இருக்கும் என்பார் ஆர்வில். அதனால் அடுத்த வாரம் முதல் அவருடைய மூளை முழுவதும் ஒரே ஆராய்ச்சியில் இறங்கியது: அந்த அம்மாளின் கை படாத இடம் எது?

முதலில் முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே பேண்ட்டுக்குள் செருகிப் பார்த்தார். நிற்கும்போது நன்றாக இருந்தது. ஜெபத்துக்குக் குனிந்தபோது கைப்பிடி வயிற்றைக் குத்தி, போதகர் ஹாஸ்கல் பாவங்களைப் பற்றி உருகிக்கொண்டிருந்த இடத்தில் இவர் முனகினார். பக்கத்திலிருந்த பெண்மணி இவருக்கு மனந்திரும்புதல் வந்துவிட்டது என்று கைக்குட்டை கொடுத்தார். அடுத்த வாரம் தோள்வார் மாட்டிக் கக்கத்தில் தொங்கவிட்டார். ஓலீட்டா கட்டிப்பிடிப்பதோ கக்கத்துக்கு அடியில் கை கொடுத்துத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், அந்த அம்மாளும் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பிடித்திருந்தார். தப்பித்தோம் என்று ஆர்வில் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் கணுக்கால். யாரும் யாருடைய கணுக்காலையும் கட்டிப்பிடிப்பதில்லை. பூட்சுக்கு உள்ளே வார் போட்டுக் கட்டியாயிற்று, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தால் போதும். ஆர்வில் வெற்றிக் களிப்பில் இருந்தபோது ஓலீட்டா ஞாயிறு மதிய விருந்துக்கு வீட்டுக்கு அழைத்தார். போன பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் புது வெள்ளைக் கம்பளம் விரித்திருக்கிறது, பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆர்வில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: காலில் சொறி, பார்க்கச் சகிக்காது, ஒட்டுவாரொட்டி. ஆசை ஆசையாக வறுத்த கோழியையும் சோளரொட்டியையும் வெளித் திண்ணைப் பலகையில் புழுதிக்காற்றில் உட்கார்ந்து தின்றார். காதலியிடம் சொறி என்று சொல்லிப் பெயர் வாங்கிய ஒரே ஆண்பிள்ளை அந்த மாவட்டத்தில் இவராகத்தான் இருக்கும்.

கதையைக் கேட்ட க்ளோவிஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் துப்பாக்கியும் பாக்கெட் உறையும் எடுத்துவைத்தான். சுட்டுப் பார்த்ததில் அதில் குழிமுனைத் தோட்டா சிக்கிக்கொண்டது. வேறு கம்பெனித் தோட்டா வரவழைத்துப் பார்க்கலாம், ஒரு வாரம் பொறு என்றான் க்ளோவிஸ். ஆர்விலுக்குப் பொறுக்கவில்லை. சாதாரண உருண்டைமுனையையே நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த முறை விருந்துக்குப் போனபோது பூட்ஸைக் கழற்றிவிட்டு ராஜநடையாகக் கம்பளத்தில் நடந்தார். சொறி ஆறிவிட்டதில் ஓலீட்டாவுக்குச் சந்தோஷம். பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பைப் பரிமாறும்போது அவர் கண் ஆர்விலின் வலது பாக்கெட்டில் விழுந்தது. சின்னதாக, சதுரமாக, ஒரு மோதிர டப்பா மாதிரி புடைத்திருந்தது.

"அது என்ன ஆர்வில்?"

பிரதர் போய் ஆர்வில் வந்துவிட்டதா! அந்தத் தலைகிறுகிறுப்பில்தான் மனிதர் வாயைக் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான். நேரம் வரும்போது தர்றேன்."

சொல்லிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஓலீட்டா கழுத்து வரை சிவந்துபோய், இன்னொரு கரண்டி இனிப்பு வைத்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முடிவெட்டுகிறவர் வாழ்த்துச் சொன்னார். மெத்தடிஸ்டுகள்கூட மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு போதகர் ஹாஸ்கல் இவரையே பார்த்துக்கொண்டு பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணத்தைப் பிரசங்கம் செய்தார். ஆர்வில் அந்த வாரம் மோதிரம் வாங்கத்தான் நினைத்தார். நினைத்தார், ஆனால் பயத்தில் நகைக்கடைப் பக்கம் கால் போகவில்லை. துப்பாக்கி மட்டும் பழக்க தோஷத்தில் பாக்கெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிரசங்கம் முடிந்து கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடுகிற விருந்து. நீளமேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓலீட்டா புது நீல உடுப்பில் வந்து ஆர்வில் முன்னால் நின்றார். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நேரம் வந்துடுச்சா, ஆர்வில்?"

ஆர்வில் எழுந்தார். கை பாக்கெட்டுக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. ஓலீட்டாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"கையை எடுங்க," என்றார். எடுத்தார். ஓலீட்டாவே இரண்டு விரலால் உறையோடு அதை உருவினார்.

அந்த அம்மாள் அலறவில்லை, மயங்கவில்லை. துப்பாக்கியின் வாயைச் செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, உள்ளே ஏறியிருந்த தோட்டாவையும் இழுத்து வெளியே தள்ளி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உருண்டைமுனை," என்றார்.

"குழிமுனை இதுல சிக்குது, ஓலீட்டா."

"சிக்கினா சிக்காததா வாங்கிச் சுட்டுப் பார்த்துட்டு வரணும். இவ்வளவு பேர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற இடத்துல இதைச் சுட்டா, வர்ற திருடனைத் துளைச்சுக்கிட்டுப் போய் பிரதர் மெர்லோட தட்டுலதான் நிக்கும்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிரதர் மெர்ல் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

அப்புறம்தான் ஆர்விலுக்கு விஷயம் தெரிந்தது. சபையின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவி ஓலீட்டா. வாசலில் கட்டிப்பிடிப்பதே அதற்குத்தான். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், ஏதாவது விபரீதம் நடக்கும்போது நம் ஆளை நம் ஆளே சுட்டுவிடுவார்கள் அல்லவா. மெர்லுக்கு வலது இடுப்பு, போதகருக்குக் கணுக்கால், பியானோ வாசிக்கிறவருக்குக் கைப்பை. இது ஆர்வில் தவிர சபையில் அத்தனை பேருக்கும் தெரியும். கார்லண்டின் எட்டுத் துப்பாக்கியை விற்றதும் வெறுப்பினால் இல்லை. அந்த மனிதர் வாங்கினது ஒன்றுகூட ஒழுங்காகச் சுடாது, தன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆர்விலுக்கு அவமானத்தைவிட வேறொன்று அதிகமாக வலித்தது.

"அப்ப நீங்க கட்டிப்பிடிச்சதெல்லாம் வெறும் சோதனைதானா?"

"சோதனை தொட்டவுடனே முடிஞ்சிடும்," என்றார் ஓலீட்டா. "முதல் வாரம் இடுப்பு, அப்புறம் வயிறு, அப்புறம் கக்கம். நொண்டிக்கிட்டு வந்தப்பவே கணுக்கால்னும் தெரியும். மிச்ச நேரம் எதுக்குப் பிடிச்சிருந்தேன்னு நினைக்கிறீங்க?"

ஆர்வில் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்களாச் சொல்வீங்கன்னு வாராவாரம் பார்த்தேன். சொல்லலை. சரி, வயசான ஆம்பளை, வெக்கம்னு விட்டுட்டேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கெட்டுல மட்டும் நான் ஏமாந்துட்டேன். நிஜமாவே நம்பினேன், ஆர்வில். உடுப்பு வாங்கினேன், தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்."

தோட்டாக்களை உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஓலீட்டா பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டார். யாரும் ஆர்விலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பீன்ஸையே பார்த்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஆர்வில் நகைக்கடை வாசலில் நின்றார். அங்கிருந்த பெண் தட்டுத்தட்டாக மோதிரங்களை எடுத்துக் காட்டிவிட்டு, விரல் அளவு என்ன என்று கேட்டாள். தன்னிடமிருந்த ஒவ்வொரு தோட்டாவின் எடையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் திருதிருவென்று விழித்தார். அத்தனை ஞாயிறு அந்த அம்மாள் தன்னை அளந்துகொண்டே இருந்திருக்கிறார், தான் அவர் கையை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேரே ஓலீட்டா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஓலீட்டா பாதிதான் திறந்தார்.

"என்கிட்ட துப்பாக்கி இல்லை, எல்லாம் வீட்டுல இருக்கு," என்றார் ஆர்வில். "மோதிரமும் இல்லை. காலுல சொறி வந்ததே இல்லை. நகைக்கடைக்குப் போனேன், விரல் அளவு கேட்டாங்க. தெரியலைன்னு திரும்பி வந்துட்டேன். பயமா இருக்கு, ஓலீட்டா. நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னுதான் முதல்லேர்ந்தே பயம்."

ஓலீட்டா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. கதவை மட்டும் முழுசாகத் திறந்தார்.

"இருங்க, செருப்பு மாட்டிக்கிட்டு வர்றேன்," என்றார். "தனியாப் போனா மோதிரத்துலயும் தப்பானதைத்தான் வாங்கிட்டு வருவீங்க."