1912-ஆம் ஆண்டுத் தாளில் ஒரு பள்ளிக்கூடம்

வடக்கு மிசூரியில் எங்கள் கால்டர் கவுண்டியில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள் அர்லெட்டா டன்னிங். ஓய்வு பெற்றதும் வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்தாள். நூலகத்தின் பின்னறைதான் கழகம். அங்கே இரண்டு மேசைகள், ஒரு இரும்பு அலமாரி, அதன் தட்டையான இழுப்பறைகளில் அரசு நில அளவையாளர்கள் போட்ட பழைய வரைபடங்கள். அவற்றில் மேடுபள்ளம் பழுப்புக் கோடு, தண்ணீர் நீலம், வீடு கறுப்புப் புள்ளி. பள்ளிக்கூடம் என்றால் புள்ளியின் தலையில் ஒரு சின்னக் கொடி இருக்கும்.

கவுண்டியின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி அவள் ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தாள். அதில் வில்லோ ஓடைப் பள்ளி பற்றி இப்படி ஒரு பத்தி: "பக்கத்து நிலக்காரர் இடம் தர மறுத்தபோது, ஆர்ச்சி டன்னிங் தம் வயலில் ஒரு மூலையைக் கொடுத்தார்." ஆர்ச்சி அவளுடைய தாத்தா. அந்த இடத்தில் அவளுடைய அண்ணன் ராய்ஸ் ஒரு நினைவுக் கல்லும் நட்டிருந்தான். பக்கத்து நிலக்காரர் யார் என்று புத்தகம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஓடைக்கு வடக்கே டன்னிங், தெற்கே ஸ்டெகல். அது எல்லோருக்கும் தெரியும்.

புத்தகம் தீர்ந்துபோய் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் பழைய வரைபடத்திலிருந்து ஒரு துண்டு சேர்க்கலாம் என்று அர்லெட்டாவுக்குத் தோன்றியது. பிப்ரவரியில் ஒருநாள் 1912-ஆம் ஆண்டுத் தாளை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து வில்லோ ஓடையைத் தேடினாள். கொடி இருந்தது. ஆனால் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது வடக்கே பெரிதாக ஒரு வளைவு போட்டுத் திரும்பியது. கொடி அந்த வளைவுக்கு உள்ளே, அதாவது ஓடைக்குத் தெற்கே நின்றது.

1938-ஆம் ஆண்டுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் ஓடை நேராக ஓடியது. பழைய வளைவு இருந்த இடத்தில் சதுப்பைக் குறிக்கும் நீலக் கீறல்கள் மட்டும் பிறைபோல இருந்தன. கொடி இல்லை. இடையில் 1922-இல் பெருவெள்ளம் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் அதில்தான் போனது. ஓடையும் அன்றைக்கே வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேர்வழி பிடித்திருக்கிறது. அதுவரை தெற்கே, ஸ்டெகல் பக்கம் இருந்த முப்பது ஏக்கர் ஒரே இரவில் வடக்கே, டன்னிங் பக்கம் வந்துவிட்டது.

அளவையாளர் தப்பாகப் போட்டிருக்கலாம் என்று ஒரு வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கோர்ட்டுக் கட்டடத்தின் பதிவறைக்குப் போனாள். 1904-ஆம் வருடத்துப் பத்திரம் தூசியோடு இருந்தது. பள்ளிக்கு இடம் கொடுத்தவர் டில்மன் ஸ்டெகல்.

மார்ச் மாதம், மரங்கள் துளிர்ப்பதற்கு முன், ராய்ஸின் பிக்கப் வண்டியில் இருவரும் அந்த வயலுக்குப் போனார்கள். வில்லோ மரங்கள் வரிசைகட்டி நின்ற ஈரப் பள்ளம் வளைந்து போவதைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது பள்ளம்டி. நம்ம அப்பா காலத்துலேர்ந்து பள்ளம்தான்."

"பள்ளம் இப்படி வில்லு மாதிரி வளைஞ்சா போகும், ராய்ஸ்?"

"போகும். ஏன் போகாது? நீ தபால் கொடுத்த ஆளு. உனக்கு நிலத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"பத்திரத்துல டில்மன்னு கையெழுத்து இருக்கு."

ராய்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தான். "அர்லி, நான் பொறந்ததுலேர்ந்து உழுத மண்ணு இது. யாருக்கும் தெரியாதது யாரையும் ஒண்ணும் பண்ணாது. அந்தப் பக்கத்தைப் புத்தகத்துலேர்ந்து எடுத்துடு. முடிஞ்சுது."

"எடுத்தா மட்டும்? கல்லு நிக்குதே."

"கல்லு பேசாதில்ல? நீயும் பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தது பத்து நாள்தான். பதினோராம் நாள் இரண்டு தாள்களின் நகலையும் சுருட்டிக்கொண்டு டில்மனின் பேரன் ஹார்லன் ஸ்டெகல் வீட்டுக்குப் போனாள். அவருக்கு எண்பத்து நாலு வயது. மனைவி போனபின் தனியாக இருந்தார். அவர் வீட்டுப் பெட்டியில் அவள் எத்தனையோ வருடம் தபால் போட்டிருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

"வா, டன்னிங் பொண்ணே. என்ன, கழகத்துக்கு நன்கொடையா? நாங்கதான் எதுவும் தர மாட்டோமே, நீயே எழுதியிருக்கியே."

அவள் தாள்களை மேசையில் விரித்தாள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். விரலால் பழைய வளைவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். பத்திரத்தின் நகலையும் படித்தார். பிறகு சிரித்தார். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

"உங்க தாத்தா படுத்துத் தூங்கினாரு, எழுந்தாரு, முப்பது ஏக்கர் கூடியிருந்துது. எங்க தாத்தா என்ன பண்ணாரு?"

"தெரியலை, மிஸ்டர் ஸ்டெகல். வழக்குப் போட்ட மாதிரி எதுவும் பதிவறையில இல்லை."

"வெள்ளத்துல அவருக்கு மாடெல்லாம் போச்சு. நிலத்தைப் பார்க்க எங்க நேரம்?"

வக்கீலைப் பார்ப்பீர்களா என்று அவளே கேட்டாள். இத்தனை காலம் ஒருவர் உழுத நிலத்தை இனி எந்த நீதிபதியும் திருப்பித் தரமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "மண்ணு கிடக்கட்டும். எனக்குப் பிள்ளையா குட்டியா?" என்றார். பிறகு குரல் மாறியது. "எங்கம்மா உன் புத்தகத்தைப் பார்க்கலை, நல்லவேளை. ஆனா அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டே செத்தா. சர்ச்சுல, கடையில, எங்க போனாலும், 'ஸ்டெகல்னா புள்ளைங்க படிக்கக்கூட இடம் தராதவங்க.' நீ புத்தகத்துல திருத்திடுவ. அதை யாரு படிப்பா? எல்லார் முன்னாடியும் எழுந்து வாயால சொல்லு."

ஏப்ரல் மாதக் கழக விருந்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

அதற்குள் கிழவர் நகலைத் தீவனக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். காலையில் அங்கே காபி குடிக்கும் கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? ராய்ஸ் விதை வாங்கப் போனபோது ஒருவன் கேட்டான்: "ராய்ஸ், இந்த வருஷம் மழை எப்படி? இன்னும் ஒரு முப்பது ஏக்கர் வருமா?"

"உன் வீட்டைத் தள்ளி வை. அடுத்தது அங்கதான் வருது," என்று ராய்ஸும் விடாமல் சொல்லிவிட்டு வந்தான். ஆனால் அன்றிலிருந்து தங்கை வீட்டுக்குப் போவதையும், தொலைபேசியில் பேசுவதையும் நிறுத்திவிட்டான்.

விருந்து மெதடிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது வழக்கம். நான் பீன்ஸ் கொண்டுபோயிருந்தேன். அறுபது பேர் இருந்திருப்போம். ஹார்லன் ஸ்டெகல் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் அர்லெட்டா எழுந்தாள். காகிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

"வில்லோ ஓடைப் பள்ளியைப் பற்றி நான் எழுதியது தவறு. எங்கள் வீட்டில் சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதினேன். இடம் கொடுத்தவர் டில்மன் ஸ்டெகல். யாரும் மறுக்கவில்லை. மிஸ்டர் ஸ்டெகலிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

யாரும் கைதட்டவில்லை. அது கைதட்டுகிற விஷயமும் இல்லை. கிழவர் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அப்போதுதான் கதவோரம் ராய்ஸ் நிற்பதைக் கவனித்தோம். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. நேரே முன்வரிசைக்கு நடந்தான். சண்டைதான் என்று நினைத்து என் பக்கத்திலிருந்தவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"நீங்க கடையில மாட்டினது தப்பு," என்றான் ராய்ஸ்.

"எது தப்பு? அரசாங்கம் போட்ட படம்!"

"முப்பது ஏக்கர்ங்கறது தப்புன்னேன். அளந்து பார்த்தேன். கிழக்கு முனையில வளைவு அவ்வளவு தூரம் வராது. இருபத்தாறுதான்."

"இருபத்தாறா? கண்ணைத் திறந்து பாருடா. ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட்டு வரைக்கும் ஓடை இருந்திருக்கு!"

"கல்வெர்ட்டா? யாரு சொன்னா?"

"வந்து காட்டறேன்!"

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனார்கள். அர்லெட்டாவுக்கு முழங்கால் வலி, அதனால் பிக்கப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். உழாத வயலில் இரண்டு ஆண்களும் மெதுவாக நடந்தார்கள். கிழவர் ஒரு கையில் கைத்தடியும் மறுகையில் வரைபடமும் வைத்திருந்தார். காற்று தாளை மடக்க, ராய்ஸ் அதன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். நடுவில் நின்று கிழவர் கிழக்கே கை நீட்டினார். ராய்ஸ் மேற்கே கை நீட்டினான். பேசியது வண்டிவரை கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அர்லெட்டா வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.