சமனுக்குச் சம்மதமா

1

இந்தக் கதை எனக்கு மன்னார் பஸாரில் கிடைத்தது, போன் திருத்தும் கடையொன்றில். என் போனுக்குக் கண்ணாடி மாற்றும்வரை கதிரையில் காத்திருந்தேன். மூலையில் இருந்த கணினித் திரையில் சதுரங்கக் காய்கள் தாமாக நகர்ந்தன.

"யாரோட விளையாடுது?"

கடைக்காரர் நிமிரவில்லை. "ஒரு பிள்ளையோட. இதை எழுதிப்போடாதேங்கோ."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். கடைக்காரருக்குக் கிறிஸ்ரி என்று பெயர் வைத்தேன், ஊர் வங்காலை. அந்தப் பிள்ளைக்கு ஸம்ஸியா, ஊர் எருக்கலம்பிட்டி. மிச்சமெல்லாம் கற்பனை. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: நஸார் கடலுக்குப் போன அன்று காற்று...

(வேண்டாம். கடலில் தொலைந்தவன் கதையை எல்லாரும் காற்றில்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: மனிதனைக் கணினி வென்றுவிட்ட இந்தக் காலத்தில்...

(கட்டுரை வாடை. ஆனாலும் விஷயம் தேவை. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களையே இன்று சட்டைப்பையில் கிடக்கும் போன் மண் கவ்வ வைக்கும். மீன்பிடிக்கிற நஸாருக்கு, ஸம்ஸியாவின் கணவனுக்கு, அது மானப்பிரச்சினை. தோற்றுச் சலித்துக் கூட்டாளி கிறிஸ்ரியிடம் போனான். "என்னைப் போலவே விளையாடுற ஒண்டைச் செய்து தா மச்சான். அதையாவது வெல்லுறன்." நஸார் போனில் ஆடிய ஆட்டங்களையெல்லாம் கிறிஸ்ரி தன் கடைக் கணினிக்கு ஊட்டினான். அதுவும் நஸாரைப் போலவே ராணியை அவசரப்பட்டு வெளியே விட்டது.)

மூன்றாவது தொடக்கம் கீழே. அது நிற்கட்டும்.

3

நஸாரின் படகு வெறுமையாகக் கரை ஒதுங்கியது. அவனுடைய மையித்து (உடல்) வரவில்லை.

"இத்தாவில இரு மகள்," என்றாள் மாமியார் நசீறா. (கணவன் இறந்தபின் மனைவி வீட்டோடு இருந்து காக்கும் காலம் அது.) "பள்ளிவாசல்ல கேட்டுட்டன். மையித்து இல்லாமலும் இறந்தவங்களுக்கான ஜனாஸாத் தொழுகை தொழலாமாம். ஆனா நீ ஒப்பாம நான் தொழவிடமாட்டன்."

"அவர் மௌத்தெண்டு ஆர் மாமி கண்டது?"

"நானும் காணேல்லதான். ஆனா பெத்தவள். எண்ட புள்ள தொழுகையில்லாமக் கிடக்குறானே."

ஸம்ஸியா போனை எடுத்துக் கிறிஸ்ரியின் கணினியோடு விளையாடத் தொடங்கினாள். அது ராணியை வெளியே விட்டபோது, "வீட்டில வச்சிருங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்டால் அது ஆட்டத்தை நிறுத்தியது. தொழுகை முடிந்த பிறகே அடுத்த காய் நகர்ந்தது.

"அது பழைய ஆட்டங்களில படிச்சது தங்கச்சி," என்றான் கிறிஸ்ரி. "பாங்கு நேரம் அவன் ஒருநாளும் காயைத் தொட்டதில்லை."

நியாயம்தான். அவளும் தலையாட்டினாள், நானும் ஆட்டினேன்.

ஆனால் அன்றே மாமியிடம் சொல்லிவிட்டாள்: "அவரை நான் ஒருக்காவும் வெண்டதில்லை. இதை வெண்டா இது வெறும் மிசின். அண்டைக்கு ஒப்புறன். நீங்க தொழவையுங்கோ."

4

இந்த இடத்தில் எனக்குக் கிறிஸ்ரி மேல் சந்தேகம் வந்தது. கணினி என்று சொல்லிக்கொண்டு மறைவில் இருந்து காய் நகர்த்துவது அவன்தானோ? இரக்கத்தினாலா, அல்லது அவள் மேல்...

(தொடர்கதை எழுதிப் பழகிய கைக்கு இது வெல்லக்கட்டி. எறும்பு மொய்க்குமுன் எடுத்துவிடுகிறேன்.)

அவனைச் சோதிக்க ஒரே வழி. கடையைப் பூட்டவைத்து, ஸம்ஸியாவின் வீட்டுக் கதிரையில் இருத்தினேன். கையில் பிளேன்ரீ. இரண்டு கையும் கோப்பையில்.

அன்று ராணி வழக்கம்போல வெளியே வந்தது. ஸம்ஸியாவின் குதிரை அதைத் தூக்கியது. சில நகர்வுகளில் ராசாவுக்கு ஓட இடமில்லை.

"வெண்டிட்டியா மகள்?" நசீறாவின் தஸ்பீஹ் மணிகள் வேகமாக உருண்டன.

"இன்னும் ஒரு காய் மாமி."

அவள் விரலைத் தூக்கினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

எதிராளி சமன் கேட்கிறார். சம்மதமா? ஓம். இல்லை.

கிறிஸ்ரி கோப்பையை வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தான். "வெற்றி தோல்வியில்லாமச் சமன் கேட்கிறதுக்கு நான் அதைப் பழக்கேல்லை."

"அவர் கேட்பார்," என்றாள் ஸம்ஸியா மெதுவாக. "வீட்டுப் பலகையில நான் வெல்லப்போனா, 'சமன், சமன், சோறு ஆறுது' எண்டு எழும்பிடுவார்."

"போனில?"

"போனில ஒருநாளும் இல்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டும்."

தஸ்பீஹ் நின்றது. வெளியே மஃரிப் பாங்கு தொடங்கியது.

5

முடிவு ஒன்று: அவள் 'இல்லை' என்று அழுத்தி வெல்கிறாள். பள்ளியில் தொழுகை நடக்கிறது. (எழுதினேன். அவனை நானே கடலில் தள்ளியதுபோல் இருந்தது. வெட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: 'ஓம்.' அவள் சோறு போடப் போகிறாள். பெற்றவள் தஸ்பீஹோடு அப்படியே...

முடிவு மூன்றைத் தேடிக் கடைக்குப் போனேன். எழுதியவரை வாசித்துக் காட்டினேன். சமன் வந்த இடத்தில் கடைக்காரர் கையை நீட்டித் தாளை மூடினார்.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நான் கற்பனை பண்ணினது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார். கணினித் திரையில் காய்கள் நகராமல் நின்றன.

"அந்தப் பிள்ளை இன்னும் அழுத்தேல்லை," என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. பாங்கு முடியப்போகிறது. போன் இப்போது உங்கள் கையில். பின்னால் நசீறா நிற்கிறாள். உள்ளே சோறு ஆறுகிறது.