‘எங்கள் வீடு’ என்ற ஃபோல்டர்

பச்சை ஓடு பதித்த அந்தச் சமையலறை ரனீமுடையது அல்ல. அவளுடையதை அவளே மூலை மூலையாக அளந்திருக்கிறாள். அதன் சுவர்கள் வெள்ளை. ஆனால் பச்சைச் சமையலறையின் படம் அவளுடைய லேப்டாப்பில், ‘எங்கள் வீடு’ என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. பக்கத்திலேயே ஒரு பெரிய ஜன்னலுக்கான திரைச்சீலை அளவுகளும் இருந்தன. அவ்வளவு பெரிய ஜன்னலும் அவள் வீட்டில் கிடையாது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். இணையத்தில் எதையோ பார்க்கும்போது கை தவறி இறக்கிவிட்டோமோ? மாலை வகுப்பிலிருந்து அலுத்து வரும் நாட்களில் இப்படி நடக்கக்கூடியதுதான். இறக்கியவற்றின் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். எங்கும் இல்லை.

குதைபாவுடன் நிக்காஹ் எழுதியாகிவிட்டது. கல்யாண விருந்து மட்டும்தான் பாக்கி. அவன் நாட்டின் தென்கோடியில் அகபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், வடக்கே இவர்கள் ஊரான இர்பிதுக்கு எப்போதாவதுதான் வருவான். அதனால் தாங்கள் குடியேறப்போகும், அவன் குடும்ப வீட்டின் மேல்மாடியை இருவரும் இப்படித் தூரத்திலிருந்தே தயார்செய்துகொண்டிருந்தார்கள். லேப்டாப் விற்ற அபூ ரயான்தான் கிளவுடில் ஒரு கணக்கை இருவருக்கும் பொதுவாகப் போட்டு, ஃபோல்டருக்குப் பெயரும் வைத்துக் கொடுத்திருந்தார். ஒருவர் போட்டது மற்றவருக்கும் வரும். ஒருவர் அழித்தால் இருவரிடமும் போய்விடும். அவள் போடவில்லையென்றால் அவன்தான் போட்டிருக்க வேண்டும்.

உள்ளே அரிசி அடைத்துச் சமைக்கச் சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்த அக்கா ஸீரீனிடம் திரையைக் காட்டினாள்.

"திரைச்சீலை அளவு கூடவா எடுத்து வச்சிருக்கான்?"

"படுக்கையறைக்கு, வரவேற்பறைக்கு, ரெண்டுக்கும்."

"அடியே, ஆம்பள ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை அளக்கிறதே அதிசயம். ரெண்டு வீட்டுக்கு அளக்கிறான்னா உன் புருஷன் பெரிய உழைப்பாளிதான்."

"சிரிக்காதக்கா."

"நான் எங்க சிரிச்சேன்? வாப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். எனக்கு முதல்ல நிச்சயமாத் தெரியணும்."

வகுப்புக்குக் கிளம்பும் முன் குதைபாவை அழைத்தாள். நேராகக் கேட்கப் பயமாக இருந்ததால் சுற்றி வளைத்தாள்.

"ஃபோல்டர்ல புதுசா ஏதாவது போட்டியா?"

"நான் என்னத்தப் போடறேன்? நீ போடறதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதப் பாத்த?"

"எல்லாத்தையும்தான்."

"பிடிச்சிருந்துதா?"

அவனுக்குப் பின்னால் கப்பலொன்று நீளமாக ஊதியது.

"உனக்குப் பிடிச்சா சரி, ரனீம். இதுல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

வகுப்பில் அன்று நடத்தியது எதுவும் அவள் தலைக்குள் போகவில்லை. அவன் குரலில் இருந்தது அலுப்பா, கள்ளத்தனமா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றே அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பி லேப்டாப்பைத் திறந்தபோது பச்சைச் சமையலறையைக் காணோம். திரைச்சீலை அளவுகளும் போயிருந்தன. ஒளிக்க எதுவும் இல்லாதவன் எதற்காக அழிக்க வேண்டும்?

மறுநாள் மதியம் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு கோப்பைத் தொடங்கி அதில் ஒரு வரி எழுதினாள்: "அந்தப் பச்சைச் சமையலறை யாருடையது?"

குதைபா மாலைவரை கிரேனில் இருப்பான். அங்கே அவன் எதையும் பார்க்க மாட்டான். ஆனால் ஸீரீன் தேநீர் கொண்டுவந்து வைப்பதற்குள் அவள் வரிக்குக் கீழே இன்னொரு வரி முளைத்திருந்தது.

"என்னோடது. நீ யாரு?"

ரனீம் "நான் அவரோட மனைவி" என்று எழுதினாள்.

"மனைவி நான். நிக்காஹ் எழுதியாச்சு, சாட்சி இருக்கு. நீ யாருடி?"

"பேரக் கேளு" என்றாள் ஸீரீன். அவள் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"நான் கேட்டா, முதல்ல நீ சொல்லும்பா. நான் சொன்னா, ஆமா அவர்தான்னு சும்மாகூடச் சொல்லிடலாம். எப்படி நம்பறது?" ரனீம் சற்று யோசித்துவிட்டு எழுதினாள்: "அவர் எங்கே வேலை பார்க்கிறார்?"

"ஸர்கா ஊர்ல, பேங்க்ல."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இரு, அவசரப்படாத. ரெண்டு வீடு வச்சிருக்கிறவன் ரெண்டு வேலை சொல்ல மாட்டானா?" என்றாள் ஸீரீன். "ஆளு எப்படி இருப்பான்னு கேளு."

கேட்டாள்.

"குள்ளம்தான். அதுக்கென்ன இப்போ? மனசு பெருசு."

குதைபா ரனீமின் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருகிறவன். ஸீரீன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ரனீமுக்குச் சிரிப்பு வரவில்லை. பேர், லேப்டாப் வாங்கிய கடை என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

அந்தப் பெண் லுஜைன். அவள் புருஷன் அம்ஜத். அவர்களும் அபூ ரயானிடம்தான் லேப்டாப் வாங்கியிருந்தார்கள். ரனீம் கடைக்குப் போன் போட்டாள்.

"கிளவுட்ல பெரிய இடமா ஒண்ணு வாங்கி ரெண்டு ஜோடிக்கும் பிரிச்சுக் குடுத்தேம்மா" என்றார் அபூ ரயான், கொஞ்சமும் கூசாமல். "புது மாப்பிள பொண்ணு யாரு வந்தாலும் ‘எங்கள் வீடு’ன்னுதான் பேரு வைப்பேன். ராசியான பேரு."

"பிரிச்சுக் குடுத்தீங்களா? எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கு, மாமா!"

"கலந்துடுச்சா? அப்படியா? சரி சரி, ரெண்டு பேரும் வாங்க, தேநீர் குடிச்சுக்கிட்டே பிரிச்சுடலாம்."

விஷயம் முடிந்தது என்றுதான் ரனீம் நினைத்தாள். கோப்பில் லுஜைனின் இன்னொரு வரி வந்திருந்தது: "அது சரி, என் சமையலறைப் படத்த எதுக்கு அழிச்ச? அம்ஜதோட பெரிய சண்டையே போட்டுட்டேன். தான் தொடவே இல்லன்னு சத்தியம் பண்றார்."

ரனீம் அழிக்கவில்லை. லுஜைனும் இல்லை, அம்ஜதும் இல்லை. மீதி இருந்தது ஒருவன்தான்.

மாலையில் அவனே அழைத்தான். "நம்ம ஃபோல்டருக்குள்ள ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்டிருக்காங்க. ஒண்ணு நீன்னு தெரியுது. இன்னொண்ணு யாரு?"

அபூ ரயானின் திருவிளையாடலை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் படத்த நீ போடலியா?"

"இல்ல. நீ எதுக்கு அழிச்ச? அத மட்டும் சொல்லு."

"நீதான் போட்டன்னு நினைச்சேன். எங்க வீடு பிடிக்கல, வாயால சொல்லாம படத்தப் போட்டுக் காட்டறன்னு தோணுச்சு. திறக்கிறப்பெல்லாம் அந்தச் சமையலறைதான் முன்னால வந்து நிக்குது. எரிச்சலா இருந்துச்சு, தூக்கிட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீ மட்டும் கேட்டியா? எனக்கு இன்னொரு பொண்டாட்டியே கட்டி வச்சிட்டே."

அவள் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"இப்பக் கேக்கறேன்" என்றான். "வீடு பிடிச்சிருக்கா?"

பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனைக்கும் பிறகு அப்படிச் சொன்னால், அடுத்து வரும் படத்தை அவன் எப்படி நம்புவான்? அவன் அடுத்துச் சொல்வதைத்தான் அவள் எப்படி நம்புவாள்?

"வீடு பிடிச்சிருக்கு. ஆனா அதோட சாவி உங்கம்மாகிட்ட இருக்கு" என்றாள். "நான் அளக்க வர்றப்பல்லாம் எனக்கு முன்னாடியே உள்ள உக்காந்திருக்காங்க. அன்னிக்கு நான் வச்சுட்டுப் போன தட்டையெல்லாம் வேற அலமாரிக்கு மாத்திட்டாங்க. கல்யாணத்துக்கப்புறமும் இப்படித்தான் இருக்குமோன்னு பயமா இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாதோ? ரனீம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"சாவியா?" என்றான் குதைபா கடைசியில். "என்கிட்டயே அந்தச் சாவி கிடையாது, ரனீம்."

"அப்ப நீ எப்படி உள்ள போற?"

"கதவத் தட்டிட்டுத்தான்." இப்போதுதான் அவன் லேசாகச் சிரித்தான். "இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாப் பூட்ட மாத்திடறேன். ரெண்டே சாவி. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"யோசி. நான் போன வைக்கப் போறதில்ல" என்றாள் அவள்.