நாற்பத்தொரு ஆடுகள்

அப்பாவின் காலில் பூட்ஸை ஏற்றுவதற்குள் மகளுக்கு வியர்த்துவிட்டது. உயிரோடு இருந்தவரை யார் சொல்லுக்கும் வளையாத மனிதர். இப்போது மட்டும் வளைந்துவிடுவாரா என்ன?

"விட்டுடேன்க்கா. போர்வைய இழுத்து மூடிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் தம்பி.

"பூங்காக் காவலர் உடுப்பப் போட்டுட்டு வெறுங்காலோட படுத்திருப்பாரா? பேசாம குதிகாலத் தள்ளு."

தள்ளியபோதுதான் அடிப்பாகம் அவள் கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அலுவலகத்தில் கொடுத்த பூட்ஸ். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவோ கோடைதோறும் உச்சி முகட்டுக்கு ஏறிக் காட்டாடுகளை எண்ணி வருபவர். அந்தப் பாறையில் எந்த பூட்ஸும் ஒரு கோடைக்கே வாயைப் பிளந்துவிடும்.

"அம்மா, அப்பா வேற பூட்ஸ் ஏதாவது வெச்சிருந்தாரா?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "முட்டி போயி மூணு வருஷமாச்சு. பையத் தூக்கிட்டுச் செருப்போட கெளம்புவாரு. முதல் வளைவு டீக்கடையில உக்காந்துட்டு சாயங்காலம் வந்துடுவாரு."

"அப்ப எண்ணிக்கை?"

"முன்ன நாப்பது இருந்துச்சாம். ஒண்ணு ரெண்டு கூட்டிக் கொறச்சு எழுதிக்குவாரு. உண்மையச் சொன்னா வீட்டுல உக்கார வெச்சிடுவாங்கன்னு பயம்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று அதை இருமலாக்கினான். இருமல் முடிந்தபோது அழுதுகொண்டிருந்தான்.

பத்து மணிக்குப் பூங்கா அதிகாரி மாலையோடு வந்தார். தலைமாட்டில் நின்று பேசினார்.

"கீழ்ச்சரிவுல நோய் வந்து ஆடுங்க கொத்துக்கொத்தா செத்துச்சு. இவரோட முகட்டுல மட்டும் நாப்பத்தொண்ணு. ஒண்ணுகூடக் கொறையல. இவர் கணக்க நம்பித்தான் கால்நடை டாக்டரக்கூட நான் அங்க அனுப்பல."

கூட்டம் தலையாட்டியது. அம்மாவின் விரல்கள் மகளின் மணிக்கட்டை இறுக்கின. சின்ன வயதில், விருந்தாளிகள் எதிரில் வாயைத் திறக்காதே என்பதற்குப் பிடிக்கும் அதே பிடி.

பிடி தளர்ந்ததும் மகள் அதிகாரியின் ஜீப் வரை பின்னாலேயே போனாள்.

"சார், அந்த நாப்பத்தொண்ணு அப்பா எண்ணினது இல்ல."

"பின்ன யாரு எண்ணினது?"

"யாரும் எண்ணல."

அவர் ஜீப் கதவைத் திறந்தார், மூடினார். "அடக்கம் முடியட்டும்மா," என்றார்.

மறுநாள் விடிந்ததும் அதிகாரி, கால்நடை டாக்டர், அவள் மூவரும் ஏறினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கூரியர் ஆபீஸ் நாற்காலிக்குப் பழகிய உடம்பு, வளைவுக்கு வளைவு உட்கார்ந்தது. இந்த ஏற்றத்துக்கு டீக்கடையே மேல் என்று மனசுக்குள் அப்பாவுக்காக வாதாடிக்கொண்டே ஏறினாள்.

முகடு முழுக்க நீலமாக இருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பூ. விளிம்புவரை, பாறை இடுக்குவரை பூ.

"இவ்ளோ அழகா இருக்கும்னு அப்பா சொன்னதே இல்லையே," என்றாள்.

"அவர் பாத்திருக்க மாட்டாரும்மா," என்றார் டாக்டர். "ஆடு இருக்கற எடத்துல இது பூக்காது. மொட்டுலயே கடிச்சிடும்."

அதிகாரி தொலைநோக்கியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவள் பூக்களுக்குள் இறங்கினாள். கடிபட்ட தண்டு ஒன்றாவது கிடைக்காதா என்று, செடி செடியாக விலக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.