அப்பு தானாகத் தின்ன வேண்டும்

மூன்றாவது சிரிஞ்சையும் அப்பு துப்பிவிட்டது. பச்சைக் கூழ் தாடையில் வழிந்து, சுற்றியிருந்த துண்டை நனைத்து, பாண்டிச்செல்வியின் மடிவரை வந்தது. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் ஈரத்துணியால் அதன் வாயை ஒற்றிவிட்டாள். ஒரு தேங்காய்ப் பருமன்கூட இல்லாத கினி பிக். வளர்த்தவள் ஜெர்மனிக்குப் படிக்கப் போய்விட்டாள். இது இங்கே உட்கார்ந்துகொண்டு இவளை ஆட்டிப் படைக்கிறது.

"முழுங்கிரு ராசா. ஒங்காலப் பிடிச்சிக் கேக்கேன்," என்றாள்.

மட்டாஞ்சேரியில் மதுவந்தியின் வீட்டில் அவளுக்கு இது ஐந்தாவது வருடம். மதுவந்தியும் அவள் கணவன் வெங்கிடேஷும் பாலக்காட்டுத் தமிழர்கள். விடிந்தால் ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். சமையலும் வீடும் இவள் பொறுப்பு. மகள் அம்ருதா போன பிறகு அப்புவை மதுவந்தி மகளைப் போலவே கொஞ்சினாள். நாங்கள் சாப்பிடுவதுதான் அதற்கும் என்று குழையப் பிசைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய ரொட்டி. புல் ஏதாவது போடலாமே என்று பாண்டிச்செல்வி ஒருமுறை சொன்னதற்கு, பாவம், தொண்டையில் குத்தும் என்று பதில் வந்தது.

போன சனிக்கிழமை டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மதுவந்தியைத் திட்டித் தீர்த்தார். இதற்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயுமாம். அரைக்க ஒன்றுமில்லாமல் இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பல்லும் வளர்ந்து, நடுவில் முட்டி, நாக்கின்மேல் வளைவு கட்டியதுபோல் மூடிவிட்டன. பசி இருக்கிறது, எதிரே சாதம் இருக்கிறது, நாக்கை அசைக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி தன்னையறியாமல் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்துக்கொண்டாள். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை வெட்டியாயிற்று. ஆனால் வலி கண்ட பயத்தில் அப்பு வாயைத் திறக்க மறந்துவிட்டது. தானாகத் தின்னும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் கூழ் புகட்ட வேண்டும், வயிறு நின்றுபோனால் உயிர் போய்விடும் என்றார் டாக்டர். மதுவந்தி புகட்டப் போனால் கூழ் பாதி தரையில் சிந்தியது. வெங்கிடேஷுக்கு அப்பு பிடிகொடுக்கவே இல்லை. ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் புகட்டி வளர்ந்த பாண்டிச்செல்வியின் தலையில் அந்த வேலை விழுந்தது.

இதெல்லாம் வேறு வாரத்தில் நடந்திருந்தால் அவள் முகம் சுளித்திருக்க மாட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பாலருவி ரயிலில் டிக்கெட். மகள் ரோஜாவுக்கு ஒன்பது மாதம், தலைப்பிரசவம். சுரண்டையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போய் அழைத்துவர நாள் குறித்திருந்தது. அப்பன் இல்லாத பிள்ளை. அம்மாவும் வராவிட்டால் அந்த மாமியார் என்னென்ன பேசுவாள் என்று பாண்டிச்செல்விக்கு வரி வரியாகத் தெரியும். ஓணத்துக்கே லீவு சொல்லிவைத்துவிட்டாள். இல்லை என்று மதுவந்தி இப்போதும் சொல்லவில்லை. அதுதான் வினையே. அதட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். மதுவந்தி அழுதாள். "நீ போய், அப்புக்கு ஒண்ணு ஆயிட்டா, அம்ருதாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? தானா திங்கறதுன்னு தெரிஞ்சா போறும், பாண்டி. ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நீ நிம்மதியா போலாம்."

அந்த வீடியோவுக்காகத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தவம் கிடந்தாள். கொத்தமல்லி வைத்தாள், கேரட்டைச் சீவி வைத்தாள். அப்பு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சமையல் தராசில் வைத்தால் எடை தினமும் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைந்தது. வியாழக்கிழமை காலையில் கோயில் வாசலில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டுகிறவளிடம் ஒரு பிடி புல் வாங்கிவந்து, ஈரம் சொட்ட ஒற்றை இழையாகக் கிழித்து, அதன் கடைவாயோரம் நீட்டிப் பிடித்தாள். மூக்கு துடித்தது. உதடு அசைந்தது. புல் அரை அங்குலம் உள்ளே போயிற்று, பிறகு முழுதும். பாண்டிச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இடது கையால் போனைப் பிடித்து இன்னொரு இழை தின்பதைப் படமெடுத்தாள். மதுவந்திக்கு அனுப்பினாள். கையோடு ரோஜாவுக்கும் அனுப்பினாள்.

ரோஜா உடனே குரல் அனுப்பினாள். "எலி மாரி அழகா திங்கு, யம்மா. சாய்ங்காலம் வண்டி ஏறிருவல்லா?"

மதுவந்தி நாலு மணிக்கே ஆபீஸிலிருந்து ஓடிவந்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. வந்தவள் பாண்டிச்செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்ருதா பாத்துட்டு அழுதுட்டா. ஒன் வெரல்லேர்ந்துதான் திங்கறது, பாத்தியோ? வேற யார் குடுத்தாலும் திங்காது. ஒரே ஒரு ஆழ்ச்சை, ஏழே நாள் கழிஞ்சு போயேன். இவர் ஏசி டிக்கெட்டே போட்டுத் தரேங்கறார்."

 வீடியோவை எடுத்தவள் பாண்டிச்செல்விதான். தன் விரல் அதில் தெரிவதை அவள் யோசிக்கவே இல்லை. கைகளை உருவிக்கொள்ளக்கூட முடியாதபடி மதுவந்தி பிடித்திருந்தாள். கடிகாரத்தில் நாலரை. ஐந்தரைக்குள் பஸ் பிடிக்காவிட்டால் தோப்பும்படி ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி ஸ்டேஷன் போய்ச் சேர முடியாது. பாழாய்ப்போன ஜீவன், தின்றும் கெடுத்தது என்று ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே, அது என்ன செய்யும் என்று அதன்மேலேயே இரக்கமும் வந்து தொலைத்தது.

"சேச்சி, கீழ உக்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"எம்மவளுக்கு நாந்தான் வேணும். இதுக்கு நீங்க குடுங்க. உக்காருங்கன்னா உக்காருங்க."

அந்த வீட்டில் அவள் குரல் அப்படி எழும்பியதே இல்லை. மதுவந்தி பட்டுச் சுடிதாரோடு தரையில் உட்கார்ந்தாள். பாண்டிச்செல்வி புல்லைக் கசக்கி, அந்தச் சாற்றை மதுவந்தியின் விரல்களில் தேய்த்து, ஓர் இழையை அவற்றுக்கிடையில் செருகி, அப்புவின் கடைவாய்க்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். பிறகு எழுந்து, தான் கண்ணில் பட்டால் தன்னைத்தான் தேடும் என்று, சமையலறைப் பின்வாசலுக்கு வெளியே போய்க் கதவு மறைவில் நின்றுகொண்டாள்.

"மூக்க ஆட்டறது," என்றாள் மதுவந்தி. கொஞ்ச நேரம் கழித்து, "வாயில வாங்கிண்டுது." பிறகு, "ஐயோ, கீழ போட்டுடுத்து. ஒன்னையாக்கும் தேடறது, பாண்டி. கதவையே பாக்கறது."

"இன்னொண்ணு குடுங்க," என்று சொல்ல வாயெடுத்தவள், தன் குரல் அதற்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள். கண்ணாடி வளையல்கள் லேசாகக் குலுங்கின. அவற்றை மறு கையால் முழங்கைவரை ஏற்றி இறுக்கிப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு புல் அரைபடும் சத்தத்துக்காகக் காதைக் கதவோடு வைத்தாள்.